தோல் கிட்டங்கியில் பதினான்கு பேர்

சபிஹா என்ன வேலை பார்க்கிறாள் என்று பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எலும்பு டாக்டர் என்பார்கள் பாதிப் பேர். முழங்கால் வலி என்று அவள் வீட்டுக்கு வந்து, ஒரு தைலம்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாளே என்று ஆத்திரத்தோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. மீதிப் பேர் காலேஜ் டீச்சர் என்பார்கள். உண்மையில் அவள் உயிரியல் மானிடவியல் ஆய்வாளர். மனிதன் எங்கிருந்து வந்தான், எப்படி இப்படி ஆனான், அவன் தின்றதும் உழைத்ததும் அவன் உடம்பில் என்ன தடம் விட்டிருக்கின்றன என்று எலும்பிலும் பல்லிலும் தேடுகிற படிப்பு அது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அதனால் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

நான் ஜெஸ்ஸி. கல்லூரியில் விலங்கியல் வகுப்பில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. தவளையை அறுக்கச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், என் தவளையையும் அவளே அறுப்பாள். படிப்பு முடிந்ததும் நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று உட்கார்ந்துவிட்டேன். அவள் சென்னைக்குப் போய் மேலே மேலே படித்தாள். அவள் அத்தா முகமது பாரூக் தோல் வியாபாரி. மகள் படிக்கிறாள் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. என்ன படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை வாய் தவறி, செத்தவர்களின் மண்டையோட்டை அளக்கிறாள் என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு பேராசிரியர் நல்லுசாமியின் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்தாள். எரியோட்டுக்குப் பக்கத்தில் பொம்மையன் என்ற சம்சாரி தன் வெள்ளாமைக் காட்டில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது தாழிகள் தட்டுப்பட்டன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய மண் தாழிகள். மற்றவர்கள் பானையைப் பார்த்தார்கள், பாசிமணியைப் பார்த்தார்கள். சபிஹா வெயிலில் குந்தி உட்கார்ந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி எலும்புகளை எடுத்தாள். மொத்தம் பதினான்கு பேர். அப்படித்தான் சொல்வாள், பதினான்கு பேர் என்று. எலும்புக்கூடு என்று நான் சொன்னால் முறைப்பாள்.

எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்தில் கட்டட வேலை நடக்கிறது, எலும்புகளை வைக்க இடமில்லை, கொஞ்ச நாளைக்கு உங்கள் அத்தாவின் கிட்டங்கியில் வைத்துக்கொள்ளம்மா என்றார் பேராசிரியர். தோல் வியாபாரம் அப்போதே நொடித்து, கிட்டங்கி சும்மா கிடந்தது. பல வருஷமாக உப்புப் போட்ட தோல்களை அடுக்கிய இடம் என்பதால் சுவரெல்லாம் உப்பேறிக் கிடந்தது, கரையான் எட்டிப் பார்க்காது. சபிஹாவுக்கும் சந்தோஷம்தான். பதினான்கு பேரும் ஆளுக்கொரு தகரப் பெட்டியில் வந்து இறங்கினார்கள். அடுத்த வருஷம் பேராசிரியர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். திட்டத்தை மூடினார்கள். எங்கள் கணக்கில் அப்படி எந்த எலும்பும் இல்லை என்றது பல்கலைக்கழகம். நீங்கள் எடுத்துப் போனது, நீங்களே பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தொலைந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றது இன்னொரு அலுவலகம். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள் பதினோரு வருஷமாகியும் கிளம்பவில்லை.

இந்தப் பதினோரு வருஷத்தில் அவளுக்கு நிரந்தர வேலை என்று ஒன்று அமையவில்லை. கௌரவ விரிவுரையாளர் என்று அழகான பெயர் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிற வேலைதான் கிடைத்தது. உள்ளூர்க் கல்லூரியில் மானிடவியல் கிடையாது, அதனால் வரலாற்றுப் பிள்ளைகளுக்குச் சோழர் காலத்தை நடத்தினாள். வெளியூரில் வாய்ப்பு வந்தபோதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே ஓடிவருவாள். மழை பெய்தால் கூரை ஒழுகுமோ என்று பயம், மழை இல்லாவிட்டால் எலி வருமோ என்று பயம். கைப்பிள்ளைக்காரிகூட இரண்டு நாள் தாய் வீட்டுக்குப் போய் வருவாள், இவளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராகக் கிட்டங்கிக்குப் போய், ஒரு பெட்டியைத் திறந்து, காலிப்பர் அளவுகோலால் அளந்து, பஞ்சில் சுற்றி மூடுவாள். எல்லா எலும்பையும் எத்தனையோ முறை அளந்து முடித்துவிட்டாள். இனி மரபணுதான் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு ஆய்வுக்கூடம் கை கொடுக்க வேண்டும். எழுதிப் போட்ட இடங்களில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அவளும் பார்க்கலாம் என்று இருந்தாள்.

அவள் அம்மா ஜெய்தூன் பீவிக்கு வேறொரு கவலை. செத்தவர்களின் மையித்தை அடக்காமல் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறோமே, மறுமையில் நம்மைத்தானே கேட்பார்கள் என்று தூக்கம் வராமல் தவித்தார். அவர்கள் யாரோ எவரோ, எந்த வேதமும் இந்தப் பக்கம் வராத காலத்து மனுஷர்கள் என்று சபிஹா விளக்கிச் சொன்னாள். யாராக இருந்தால் என்ன, மனுஷர்தானே என்றார் அந்த அம்மா. அதற்குமேல் இவளால் வாதாட முடியவில்லை, அவள் படிப்பும் அதைத்தானே சொல்கிறது. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒருவரைக் கூட்டிவந்து கிட்டங்கி வாசலில் நின்று குர்ஆனிலிருந்து யாசீன் ஓத வைத்தார் ஜெய்தூன் பீவி. சாம்பிராணி போட்டார். தெருப் பிள்ளைகளுக்குப் பூந்தி கொடுத்தார்.

வாரா வாரம் வாசலில் சாம்பிராணி மணந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உள்ளே அவுலியா, அதாவது இறைநேசர் ஒருவர் அடங்கியிருக்கிறார் என்று தெரு முடிவு செய்துவிட்டது. முனையில் பூ விற்கிற ஜக்கம்மாள் காய்ச்சலில் துவண்ட பேத்தியைத் தூக்கிவந்து வாசல் கம்பியில் ஒரு கயிறு கட்டினாள். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். கம்பி முழுக்கக் கயிறு, வாசல் முழுக்க எண்ணெய். முக்காடு போட்டவர்களும் வந்தார்கள், குங்குமம் வைத்தவர்களும் வந்தார்கள், என் சர்ச்சில் பாட்டுப் பாடுகிற அம்மாள் ஒருவரையும் அங்கே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி போய்விட்டார். ஜமாஅத்துப் பெரியவர்கள் இதெல்லாம் கூடாத காரியம் என்று ஜெய்தூன் பீவியைக் கண்டித்தார்கள். அவர் ஓதுவதை நிறுத்திவிட்டார். கூட்டம் நிற்கவில்லை.

சபிஹா ஒருநாள் ஜக்கம்மாளை நிறுத்தி வைத்துப் பொறுமையாகப் பாடம் எடுத்தாள். உள்ளே அவுலியா யாரும் இல்லை, ரொம்பப் பழைய காலத்து மனுஷர்களின் எலும்புகள், ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறோம் என்றாள். ஜக்கம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"அதத்தான் டாக்டரம்மா நாங்களும் சொல்றோம். சும்மா ஆளா இருந்தா இம்புட்டு வருஷம் கூடவே வச்சுக் காப்பீங்களா?"

நான் சிரித்தேன். சபிஹாவும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது நடக்கும்போது வடக்கே ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை. இதைவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு எங்கேயும் எழுதிப் போட முடியாது. நேர்முகத் தேர்வுக்குப் போனாள், எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் போன் செய்தபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. அங்கே ஆய்வுக்கூடம் இருக்கிறதாம், அவளுக்கென்று ஒரு அறையாம், ஜன்னலைத் திறந்தால் வேப்பமரமாம். உன் பதினான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே என்றேன். முதல் வேலையாக அதைத்தான் கேட்டிருக்கிறாள். உரிமை யாருக்கு என்று தெரியாத எலும்புகளை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே சமயத்தில் அவள் தம்பி பைசல் கிட்டங்கியைக் கேட்டான், அத்தாவுக்குப் பிறகு அது அவன் பங்கு. அவன் பிரியாணிக் கடை போட்டு நன்றாக நடத்தி வந்தான், கல்யாண ஆர்டர்களுக்குப் பெரிய சமையல் கூடம் வேண்டியிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதினோரு வருஷம் அக்காவுக்காகப் பொறுத்தவன். அக்கா வேலைக்குப் போகிறாள் என்றதும் அவள்தான் போகிறாளே என்று தேதி குறித்துவிட்டான். பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, நீ ஒண்ணு சொல்லு, இல்லேன்னா நானா ஒண்ணு செஞ்சுக்கிறேன் என்றான். 

வேலையில் சேர ஒரு மாதம்தான் இருந்தது. அந்த மாதத்தில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. பல்கலைக்கழகம் மறுபடி கைவிரித்தது. கல்லூரிகள் இரண்டில் மண்டையோடு மட்டும் ஒன்று கொடுங்கள், காட்சிக்கு வைக்கிறோம் என்றார்கள். ஒரு கட்டத்தில் அவளே உடைந்துபோய், எங்கேயாவது மண்ணில் மரியாதையாக வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அங்கேதான் எங்கள் ஊர் தன் முகத்தைக் காட்டியது. கபர்ஸ்தானில் பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி நாற்காலி போட்டு உட்கார வைத்து, தன்மையாகத்தான் பேசினார். இவர்கள் யாருடைய மையித்து என்று கேட்டார். யாருடையதும் இல்லை என்றாள். எப்படியம்மா இடம் கொடுப்பது என்றார். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஃபாதர் ஞானஸ்நானம் பற்றிக் கேட்டார். ஊர்ப் பக்கத்துச் சுடுகாடுகளுக்குப் போனால், எடுத்த எடுப்பிலேயே எந்த ஆளுக என்றார்கள். இந்த ஆள்களுக்கு இந்தப் பக்கம், அந்த ஆள்களுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஓடை. எந்த ஆளும் இல்லாதவர்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. பிணத்துக்கும் சாதி கேட்கிற ஊரில், சாதி பிறப்பதற்கு முன்னால் செத்தவர்களை எங்கே கொண்டு போய் வைப்பது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு சுடுகாட்டு வாசலில் நின்று கண்டபடி பேசிவிட்டேன். சபிஹாதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓரமாக இறங்கி நின்று, "எனக்கு மூச்சு முட்டுதுடி. அவங்க பெட்டியில இருக்காங்க, நானும் பெட்டியிலதான் இருக்கேன்" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து எரியோட்டிலிருந்து போன் வந்தது. பொம்மையனின் மனைவி பெருமாயி. பஞ்சாயத்து சுடுகாட்டில் நாங்கள் கேட்டது அவர் காதுக்குப் போயிருக்கிறது. தாழி எடுத்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் அவர் தை மாதம் தவறாமல் விளக்கு வைத்து வருகிறாராம். எங்க காட்டுல கெடந்தவுக எங்க ஆளுக, இதுக்கு ஊரு ஊராக் கேக்கணுமா, கொண்டாந்து விடு தாயி என்றார். சபிஹா போனைக் கையில் வைத்தபடி அழுதாள். இடம் கிடைத்த நிம்மதி என்று நான் நினைத்தேன், அது இல்லை. அந்த மண்ணில் ஈரம் அதிகம், தாழியும் உடைந்துவிட்டது, வெறும் மண்ணில் வைத்தால் கொஞ்ச வருஷத்தில் மாவாகிவிடுவார்கள் என்று எனக்கு விளக்கினாள். விளக்கிவிட்டு, சரி, போகட்டும் என்றாள். டிக்கெட் எடுத்தாள். புதுச் சூட்கேஸ் ஒன்று நாங்கள் இருவரும் போய் வாங்கினோம்.

பெருமாயி நல்ல நாள் பார்த்து வியாழக்கிழமை என்று குறித்தார். அது கிட்டங்கிக்குக் கூட்டம் வரும் நாள் என்பது எங்களுக்கும் உறைக்கவே இல்லை. காலையிலேயே போயிருக்கலாம், குட்டி யானை வண்டிக்காரன் வேறு சவாரியை முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் வந்தான். பொம்மையன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெருமாயி மஞ்சளும் புதுச் சேலையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அங்கே குழி வெட்டித் தயாராக இருக்கிறது என்றார்.

முதல் பெட்டியை பைசலும் டிரைவரும் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள். அடுத்த நிமிஷம் ஜக்கம்மாள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். தெரு முழுக்க ஆள் கூடிவிட்டது.

"அவுலியாவ எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் ஜக்கம்மாள்.

பொம்மையன் இறங்கி வந்து, இவர்கள் எங்கள் காட்டில் கிடந்தவர்கள், எங்களுக்குத்தான் பாத்தியதை என்றார். எங்கள் தெருவில் அடங்கியிருப்பவரை எவனோ வெளியூர்க்காரன் அள்ளிக்கொண்டு போவதா என்று நாலு பேர் எகிறினார்கள். யாரோ பொம்மையனின் சட்டையைப் பிடித்தார்கள், யாரோ விலக்கிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிய கையோடு பைசல் வேர்த்து விறுவிறுத்து நின்றான்.  இந்த ஊரில் இப்படி ஒரு சண்டை அரை மணி நேரம் நடந்தால் பிறகு அது என்ன சண்டையாக மாறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், இத்தனை வருஷம் கூடவே இருந்தது டாக்டரம்மா, உள்ளே இருப்பது யார் என்று அவரே சொல்லட்டும் என்றார். எல்லோரும் சபிஹாவைப் பார்த்தார்கள்.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். இது சாதாரண எலும்பு, அவுலியா இல்லை என்று கூட்டத்தின் முன்னால் அழுத்திச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது வழி விடுவார்கள். வண்டி எரியோட்டுக்குப் போகும், அவள் வடக்கே போவாள். சொல்லுடி, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவள் கண் பைசல் கையிலிருந்த பெட்டியிலேயே இருந்தது. அதன் மூலையில் தகரம் பெயர்ந்திருந்தது, அவன் அதைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் உள்ளே ஏதோ உருள்கிற சத்தம் கேட்டது.

"அவுலியாதான்," என்றாள் சபிஹா. "உள்ள கொண்டுபோயி வைங்க."

கூட்டம் அப்படியே ஒரு பெருமூச்சு விட்டது. ஜக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெருமாயி மட்டும் சபிஹாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. கொண்டுவந்த சேலையை அந்தப் பெட்டியின் மேல் விரித்தார். வெட்டின குழியைச் சும்மா மூடக்கூடாது, வாழைக்கட்டையை வச்சு மூடிக்கிறோம் தாயி என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்றைக்கு அவளிடம் நான் பேசிய பேச்சைப் பெற்ற தாய்கூடப் பேசமாட்டாள். மனிதக் குரங்கிலிருந்து மனிதன் வரைக்கும் படித்தவள், இத்தனை பேர் முன்னால் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல உனக்கு நாக்குக் கூசவில்லையா என்று கேட்டேன். அவள் திருப்பிக் கோபப்படவில்லை. "மண்ணுக்குள்ள போயிட்டா முடிஞ்சுதுடி. இங்க இருந்தா நாளைக்கு ஒரு மெஷின் வரும், அன்னைக்கு எடுத்துப் பாத்துக்கலாம்னு தோணுச்சு. அதுக்கு மேல நான் யோசிக்கலை" என்றாள்.

அவள் யோசிக்காததையெல்லாம் தெரு யோசித்தது. டாக்டரே சொல்லிவிட்டார் என்பது பழநி ரோடு வரைக்கும் போய்விட்டது. பைசலின் கடைக்கே ஆள்கள் வந்து, அவுலியா இருக்கும் இடத்தில் சமையல் கூடமா என்று கேட்டார்கள். அவன் கிட்டங்கியை அப்படியே விட்டுக்கொடுத்தான், வேறு வழியில்லை. முத்தவல்லி அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஜெய்தூன் பீவி மட்டும் மகள் சொன்னதை நம்பி நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார். சபிஹாவால் ஒரு நாள்கூட அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. யார் பெட்டியைத் திறப்பார்களோ, யார் எலும்பை எடுத்து முத்தமிடுவார்களோ என்று காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அருங்காட்சியகத்தில் சேர வேண்டிய தேதி அப்படி உட்கார்ந்திருக்கும்போதே கடந்து போனது. நான் போன் செய்து ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்றாள்.

அதன் பிறகு கொத்தனார்கள் வந்தார்கள். பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்து, சுற்றிலும் செங்கல் எழுப்பி, மேலே கான்கிரீட் போட்டு ஒரு மேடை கட்டுவதென்று தெருவில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அவள் எதிரிலேயே வேலை நடந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னாள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அவுலியாவுக்கு எதுக்கும்மா கதவு?"

கதவு இல்லாமலேயே பூசி முடித்தார்கள்.  கான்கிரீட் இறுகும்வரை மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தார்கள், அந்தச் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் இவளும் ஒருத்தி. பிறகு டைல்ஸ் ஒட்டிப் பச்சைத் துணி போர்த்தினார்கள். பெருமாயியின் சேலை அதற்கு அடியில் எங்கோ இருக்கிறது.

இப்போதும் அவள் கல்லூரிக்குப் போகிறாள், சோழர் காலம் நடத்துகிறாள். வியாழக்கிழமைகளில் கிட்டங்கியில் உட்கார்ந்தாக வேண்டும். டாக்டரம்மா இல்லாவிட்டால் வந்தவர்களுக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் ஜுரம் என்று வராமல் இருந்தாள், வீட்டுக்கே வந்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள். சூட்கேஸ் பரண் மேல் கிடக்கிறது.

போன வியாழக்கிழமை நான் போயிருந்தேன். மேடையின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆயக்குடியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், இடுப்பில் நோஞ்சான் பிள்ளை, கையில் ஒரு பை கொய்யாப்பழம். பழத்தை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "நீங்க அவுகளப் பாத்திருக்கீங்களாமே. எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

சபிஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொம்பளை. உங்க உயரம்தான் இருப்பாங்க, உங்க வயசுல போயிருக்காங்க. சின்னப் புள்ளையில ரொம்ப நாள் பட்டினி கெடந்திருக்காங்க, பல்லுல அதோட கோடு இருக்கு. முன்பல்லு ரெண்டுலயும் சின்னச் சின்ன வெட்டு. சின்னாளப்பட்டியில சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறவங்க நூலப் பல்லால இழுப்பாங்கல்ல, அதே மாதிரி. எதையோ இழுத்து இழுத்துத்தான் பொழைச்சிருக்காங்க. இடது கால் ஒருக்கா ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச காலோட யாரும் தனியாப் பொழைக்க முடியாது. கூட இருந்தவங்க பல மாசம் ஒக்கார வச்சு, சோறு போட்டுப் பாத்திருக்காங்க. அவங்க நடந்தாங்க. கொஞ்சம் சாய்ஞ்சு நடந்தாங்க, ஆனா நடந்தாங்க."

பதினோரு வருஷம் அளந்து கண்டுபிடித்தது இது. எந்தப் பத்திரிகையும் வெளியிடாதது, எந்தக் கருத்தரங்கிலும் அவளைப் பேச விடாதது. அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையில் கால் இருக்கும் என்று அவள் நினைத்த இடத்தில் பிள்ளையின் கால்களை வைத்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் தெரு வரைக்கும் ஆள் நின்றது.

வா, போகலாம் என்றேன் சபிஹாவிடம்.  அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வரிசையைப் பார்த்தாள்.

"இன்னும் பதிமூணு பேரப் பத்திச் சொல்லணும்டி," என்றாள்.

அடுத்து நின்ற பெண் முன்னால் வந்தாள்.